ஷெஃபாலி அக்காவின் ஒரு மணங்கு

மனைவி தில்வாராவின் இணையப் பக்கத்தை அவளையே இழுத்து மூட வைப்பது என்று நூருல் ஆப்சார் சௌதாகர் தீர்மானித்த நேரத்தில், அவர் கடைக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது.

மழைத் தண்ணீர் இல்லை. கடல் ஏறினால் கர்ணபுலி ஆறு எதிர்த்துக்கொண்டு வரும். சாக்தாய்க் கால்வாய் நிரம்பி ஆசாத்கஞ்ச் கடைத்தெருவுக்குள் நுழையும். கொஞ்ச நேரம் இருந்து பார்த்துவிட்டு இறங்கிப் போகும். சிட்டகாங்கில் மழைக்காலம் முழுக்க இதே கதைதான். கடைக்காரர்கள் வாசலில் முழங்கால் உயரத்துக்குச் சுவர் கட்டிப் பார்த்தார்கள். தண்ணீர் சுவரைத் தாண்டி வந்தது. வாடிக்கையாளர்தான் தாண்டி வரவில்லை.

ஆப்சார் கருவாட்டு மொத்த வியாபாரி. பலகை மேடை, மேடைமேல் மெத்தை, மெத்தைமேல் அவர். தலைக்கு மேலே பரணில் சாவாளை, வவ்வால், காலா, இறால் என்று மூட்டை மூட்டையாகச் சரக்கு. அவர் அப்பாவும் இதே மெத்தையில்தான் உட்கார்ந்தார். அந்தக் காலத்தில் மலைப்பக்கத்திலிருந்தும் சில்ஹெட்டிலிருந்தும் ஆட்கள் வந்து காத்துக் கிடப்பார்கள். இப்போது ஈ வந்தால்கூட வழி தவறி வந்ததாகத்தான் அர்த்தம்.

கட்டிடத்துச் சொந்தக்காரர் ஹாஜி காலையில் வந்து, சுவருக்கு வெளியே நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார்.

"மழை முடியறதுக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிடும் சௌதாகரே. கடை வேணுமா, வேணாமா? போன் உறை விக்கிற பையன் ஒருத்தன் கேட்டுக்கிட்டிருக்கான்."

"இந்தத் தண்ணியில அவன் என்னத்த விப்பான்?"

"உறை நனைஞ்சா துடைச்சுக்கலாம். உம்ம சரக்கைத் துடைக்க முடியுமா?"

கடை போனால் சௌதாகர் என்ற வியாபாரிப் பட்டமும் போய்விடும். வெறும் நூருல் ஆப்சார். வீட்டில் உட்கார்ந்து பட்டாணி உரிக்கிற நூருல் ஆப்சார்.

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார் பக்கத்துக் கடை சுபல் பாபு. உப்பு வியாபாரி. தண்ணீர் வந்தால் சரக்கே கரைந்து போகிற தொழில். அதனால் மழைக்காலத்தில் அவருக்கு அடுத்தவர் சங்கதிகளுக்கு நிறைய நேரம் உண்டு. போனை நீட்டினார்.

"பாத்தீரா?"

"என்னத்த?"

"உம்ம வீட்டுக் கை."

போனில் இரண்டு கைகள். முகம் இல்லை. பச்சை வளையல். கையில் ஒரு வவ்வால் கருவாடு, விசிறி மாதிரி விரிந்திருந்தது. 'சகோதரிகளே, நல்லாப் பாருங்க, வெயில்ல மட்டும் காஞ்சது' என்றது குரல். ஆப்சாருக்கு அந்தக் குரல் தெரியும். பருப்பில் உப்பு போதுமா என்று தினமும் கேட்கிற குரல். கீழே ஓயாமல் எழுத்துகள் ஓடின. 'அண்ணி, எனக்கு அரைக் கிலோ.' 'அண்ணி, டாக்காவுக்கு அனுப்புவீங்களா?' 'அண்ணி, வளையல் எங்க வாங்கினீங்க?'

பக்கத்தின் பெயர் 'அண்ணி கருவாடு'.

"எத்தனை பேரு பாக்கறாங்க தெரியுமா?" என்றார் சுபல் பாபு. "ஆசாத்கஞ்சுல உம்ம கடைக்கு ஒரு வருஷத்துல வர்ற சனம், உம்ம பொண்டாட்டி கைக்கு ஒரு மத்தியானத்துல வருது."

அப்போதுதான் ஆப்சார் அந்தத் தீர்மானத்தை எடுத்தார். கால்களை மெத்தைமேல் தூக்கி வைத்துக்கொண்டுதான் எடுத்தார். கீழே தண்ணீர்.

சாப்பாட்டு வேளையில் முதலில் பேசிப் பார்த்தார். சோறு, பருப்பு, கத்தரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு.

"லுப்னா அம்மா."

"சொல்லுங்க லுப்னா அப்பா."

லுப்னா அவர்கள் மகள். டாக்காவில் வேலை. போனையும், போனை நிற்க வைக்கும் முக்காலியையும் அம்மாவுக்கு வாங்கி அனுப்பிய குற்றவாளி அவள்தான்.

"ஊர்ல எல்லாரும் உன்னை அண்ணிங்கறாங்க."

"மரியாதையாத்தானே கூப்பிடறாங்க."

"நீ ஊருக்கெல்லாம் அண்ணின்னா, நான் ஊருக்கெல்லாம் அண்ணனா?"

"உங்களை யாருங்க கேட்டா? ஒரு கமெண்ட்லகூட உங்க பேரு வரலையே."

ஆப்சார் ஒரு கவளத்தை விழுங்கினார்.

"இதப் பாரு. கருவாடுங்கறது மூக்கால வாங்கற சரக்கு. வாலை முறிக்கணும். மோந்து பாக்கணும். போன்ல எப்படி மோந்து பாப்பாங்க?"

"பாக்க மாட்டாங்க. அதனாலதான் அடுக்குமாடி வீட்டுக்காரங்க நிம்மதியாப் பாக்கறாங்க."

"சௌதாகர் பொண்டாட்டி கையைக் காட்டி வியாபாரம் பண்றது எனக்கு அவமானம்."

"கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கறதைவிடவா?"

அவள் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள். குரலைத் தணித்தாள்.

"கடையில ஒரு மூலை குடுங்க. வெள்ளிக்கிழமை மட்டும். இங்க பின்கட்டுல நாலு மீனைக் காட்டறதுக்கும், அங்க மூட்டைக்கு முன்னாடி நின்னு காட்டறதுக்கும் வித்தியாசம் இருக்குங்க. சனம் நம்பும். ஹாஜிக்கும் வாடகை நிக்காம போகும்."

"எங்கப்பா உக்காந்த எடத்துல போன் உக்காருமா?"

"மெத்தையில நீங்களே உக்காந்துக்கங்க. போன் முக்காலியில நிக்கும். அது உங்களை மாதிரி இல்ல. நின்னுக்கிட்டே வேலை செய்யும்."

பேச்சு முறிந்தது. இனி தந்திரம்தான்.

மறுநாள் டீயில் பேலா பிஸ்கெட்டை நனைத்துக்கொண்டே சுபல் பாபு வழி சொன்னார். "இதுல ஒரு ஓட்டை இருக்கு சௌதாகரே. சரக்கு வீட்டுக்கு வந்த அப்புறம்தானே காசு குடுக்கறாங்க? வாங்காம திருப்பி அனுப்பிட்டா, போக வரக் கூலி வித்தவ தலையில. என் மச்சினி இப்படித்தான் சேலை வித்தா. ரெண்டு பார்சல் திரும்பி வந்துச்சு. பக்கத்தை மூடிட்டு ஒரு வாரம் அழுதா."

"தில்வாரா அழ மாட்டா."

"பக்கத்தை மூடினாப் போதாதா? அழ வேற செய்யணுமா?"

சுபல் பாபு அங்கேயே, ஆப்சாரின் போனிலேயே ஒரு பெண்ணைப் பெற்றெடுத்தார். பெயர் ஷெஃபாலி பேகம். முகத்துக்குப் பதிலாக ஒரு ரோஜாப்பூ. பேசுவதற்குத் தன்னிடம் சும்மா கிடந்த ஒரு நம்பரைக் கொடுத்தார்.

"பொம்பளை மாதிரி எழுதணும், தெரியும்ல? முதல்ல அக்கான்னு ஆரம்பிக்கணும். கடைசியில ஒரு இதயம் போடணும்."

"இதயம் எதுக்கு?"

"எதுக்கும் இல்ல. போடணும், அவ்வளவுதான்."

ஆப்சார் ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு எழுத்தாகக் குத்தினார். 'அக்கா, ஸலாம். சாவாளை இருக்கா?'

பதில் உடனே வந்தது. 'வ அலைக்கும் ஸலாம் அக்கா. இருக்கு. எவ்வளவு வேணும்?'

'ஒரு மணங்கு.' இதயம்.

சுபல் பாபு தலையில் அடித்துக்கொண்டார். "யோவ்! நாப்பது கிலோவா! வீட்டுப் பொம்பளை கால் கிலோ கேப்பாய்யா!"

"கால் கிலோ எல்லாம் ஒரு எடையா? என் விரல் அதை எழுதாது."

பிறகு, 'அக்கா, வீட்ல எத்தனை பேரு?'

'விருந்து. மெஜ்பான்.'

'மெஜ்பானுக்கு மாட்டுக்கறிதானே போடுவாங்க அக்கா?'

சிட்டகாங்கில் பிறந்த எவனும் செய்யாத பிழை. ஆப்சாருக்கு வியர்த்தது. 'எங்க வீட்டு வழக்கம் கருவாடு' என்று எழுதி, பயத்தில் மூன்று இதயம் போட்டார்.

பிறகு, 'சரிங்க அக்கா. விலாசமும் போன் நம்பரும் குடுங்க.'

"விழுந்துட்டா!" என்றார் ஆப்சார்.

தண்ணீர் வடிந்ததும் தில்வாரா கடைக்கே வந்தாள். புர்காவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் நடந்து வந்து, சுவருக்கு இந்தப் பக்கம் கால் வைத்தாள்.

"கடைக்காரரே, ஒரு மணங்கு சாவாளை வேணும்."

அந்த மாதத்தில் அவருக்கு வந்த முதல் மொத்த வாடிக்கை. எதிரியிடமே சரக்கை விற்கிறோம் என்று உள்ளுக்குள் துள்ளினார். வெளியே முறைத்தார். அவள் ஒரு சாவாளையை எடுத்தாள். வாலை முறித்தாள். மோந்தாள்.

"போன வருஷத்துச் சரக்கு."

"இந்த வருஷம்!"

"அப்ப ஏன் இப்படி வாடி இருக்கு?"

"கருவாடு வாடாம பூத்தா இருக்கும்?"

"பூத்த விலை சொல்றீங்களே!"

பேரம் நடந்தது. முப்பது வருஷ அனுபவமுள்ள ஆப்சார், பேரம் முடிந்தபோது சொந்தக்காரர்களுக்குக்கூடக் கொடுக்காத விலைக்குக் கொடுத்திருந்தார். பரவாயில்லை. பார்சல் திரும்பி வரட்டும். அப்புறம் பேசலாம்.

பார்சல் திரும்பி வரவில்லை. ஏனென்றால் போகவே இல்லை.

"அந்த ஷெஃபாலி அக்கா போனை எடுக்கவே மாட்டேங்கறாங்க" என்றாள் தில்வாரா சோறு போடும்போது.

"அடடா. பார்சலை அனுப்பிட்டியா?"

"பேசி உறுதி பண்ணாம நான் எதையும் அனுப்பறதில்ல."

அவர் முகம் தொங்கிவிட்டது. "அப்ப சரக்கு?"

"கட்டிலுக்கு அடியில."

"நாத்தம் அடிக்காதா?"

"உங்க பக்கமாத்தான் தள்ளி வெச்சிருக்கேன்."

வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து ஊர் சாப்பிட்டு உட்கார்ந்திருக்கிற நேரம். லைவ் ஆரம்பித்தது. கடையில் ஆப்சாரும் சுபல் பாபுவும் ஒரே போனில் தலையை முட்டிக்கொண்டு பார்த்தார்கள். பச்சை வளையல் கைகள் சாவாளை மூட்டையைப் பிரித்தன.

'சகோதரிகளே, ஷெஃபாலின்னு ஒரு அக்கா ஒரு மணங்கு கேட்டாங்க. நம்பி வாங்கிக் கட்டி வெச்சேன். இப்ப போனை எடுக்க மாட்டேங்கறாங்க. என்ன கஷ்டமோ தெரியல. நான் அவங்களைத் திட்டல. ஆனா சரக்கு ஆசாத்கஞ்ச்லேயே நல்ல கடைச் சரக்கு. வீணாப் போகக் கூடாது.'

அவள்தான் திட்டவில்லை. மற்றவர்கள் திட்டினார்கள். 'அவ வீட்டு அடுப்பு பத்தாமப் போக.' 'அவ குழம்புல உப்பு நிக்காமப் போக.' 'அண்ணி, அழாதீங்க, எனக்கு ரெண்டு கிலோ.' 'எனக்கு மூணு.' 'அந்த ஷெஃபாலிக்கு மருமக வாய்க்கறப்ப தெரியும்.' ஒவ்வொரு சாபத்துக்குப் பின்னாலும் ஒரு ஆர்டர். சுபல் பாபு டீ குடித்து முடிப்பதற்குள் மூட்டை காலி.

"நான் நினைச்சது இது இல்லையே" என்றார் ஆப்சார்.

"எனக்குக்கூட ஒரு கிலோ சொல்லிட்டேன்யா" என்றார் சுபல் பாபு. "கேக்கறப்பவே மனசு உருகிடுச்சு."

அதோடு விட்டிருந்தால் அவர் பிழைத்திருப்பார். கீழே ஒருத்தி எழுதினாள்: 'மேல வெள்ளையாப் பூத்திருக்கே. பூச்சி மருந்து அடிச்ச கருவாடு மாதிரி தெரியுது. யாரும் வாங்காதீங்க.'

ஆப்சாருக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. என் சரக்கா? என் அப்பா கடைச் சரக்கா? சுபல் பாபு தடுப்பதற்குள் விரல் குத்த ஆரம்பித்துவிட்டது. 'அது உப்பு. நல்ல வெயில்ல காஞ்ச மீனுக்கு உப்பு வெளிய வரும். மருந்து அடிச்ச கருவாட்டுகிட்ட ஈ வராது. ஈ வந்தா நல்ல சரக்கு. ஈக்குத் தெரிஞ்சது உனக்குத் தெரியலையே அம்மா.'

யார் பெயரில் எழுதுகிறோம் என்பதை மறந்துவிட்டார்.

'ஐயோ, இதுதான் அந்த ஷெஃபாலி!'

'மணங்கு ஷெஃபாலி வந்துட்டா!'

'ஏன் அக்கா போனை எடுக்கல? பதில் சொல்லுங்க!'

சாபம் திரும்பி வருவதற்குள் எதையாவது சொல்லியாக வேண்டும். ஆப்சார் யோசித்தார். யோசிக்க நேரம் இல்லை. 'என் புருஷன் வேணாம்னுட்டார்' என்று எழுதினார்.

அவ்வளவுதான். காற்று திசை மாறிவிட்டது.

'பாவம் அக்கா.' 'எல்லா வீட்லயும் இதே கதைதான்.' 'அந்த ஆளு என்ன பெரிய நவாபா?' 'அக்கா, உங்க புருஷன் உங்களை நல்லா வெச்சிருக்காரா?'

இந்தக் கடைசிக் கேள்விக்கு இதயம் மட்டும் போட்டுத் தப்பித்தார். அவர்கள் அதை இல்லை என்று எடுத்துக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து ஷெஃபாலி அக்காவுக்கு ஓய்வில்லை. இறாலில் மணல் இருந்தால் என்ன செய்வது? ஷெஃபாலி அக்காவைக் கேளு. வவ்வால் கருவாட்டை மழையில் எப்படி வைப்பது? ஷெஃபாலி அக்கா. எவளாவது தவறாக ஒன்று சொல்லிவிட்டால் ஆப்சாரால் பொறுக்க முடியாது. கருவாட்டை ஃபிரிட்ஜில் துணி சுற்றாமல் வைக்கச் சொன்னவளுக்கு அவர் பதினைந்து வரி எழுதினார். அப்பாவின் கடையில் கற்ற ஒவ்வொன்றும் விரல் வழியாகக் கொட்டியது. இத்தனை வருஷமும் கடைக்கு வந்தவன் எவனும் இப்படி உட்கார்ந்து கேட்டதில்லை. விலையைக் கேட்டான், போனான். இவர்கள் கேட்டார்கள். நன்றி சொன்னார்கள். ஒருத்தி தன் குழந்தைக்காக துவா செய்யச் சொன்னாள். அவர் உண்மையாகவே செய்தார்.

தண்ணீர் உள்ளே வருவதும் போவதும்கூடச் சில நாள் அவருக்குத் தெரியவில்லை.

"சௌதாகரே, பக்கத்தை மூடற வேலை எந்த மட்டுல இருக்கு?" என்று சுபல் பாபு எட்டிப் பார்த்தார்.

"சும்மா இரும்யா. பரிசால் ஊர்ல ஒருத்தி கேள்வி கேட்டிருக்கா."

ஒரு நாள் மத்தியானம் இன்பாக்ஸில் தில்வாரா வந்தாள்.

'ஷெஃபாலி அக்கா, நீங்க பேசினதுக்கு அப்புறம் ஆர்டர் ரெண்டு மடங்கு ஆயிடுச்சு. அல்லா உங்களை நல்லா வெக்கட்டும். உங்க வீட்டுக்காரர் என்ன பண்றார்?'

'கடை.'

'வியாபாரம் எப்படி?'

ஆப்சார் வெளியே பார்த்தார். தெருவில் ஒரு செருப்பு மிதந்து போனது. ஒற்றைச் செருப்பு. யாரிடமும் சொல்லாததை ஷெஃபாலி எழுதிவிட்டாள். 'ஆளே வரல. கடை போயிடும்னு பயப்படறார்.'

'வீட்ல சொன்னாரா?'

'சொல்ல மாட்டார். சொன்னா மானம் போயிடும்னு நினைப்பு. கடை போனா தன்னை யாரும் மதிக்க மாட்டாங்கன்னு நினைப்பு.'

'அவர் பொண்டாட்டி நீங்க மதிக்கிறீங்கல்ல?'

'தெரியல' என்று குத்தினார் ஆப்சார்.

'மதிக்கிறீங்க அக்கா. இல்லன்னா ஒரு மணங்கு வேணாம்னு அவர் சொன்னதும் கேட்டிருப்பீங்களா? ஒண்ணு சொல்லட்டுமா? என் வீட்டுக்காரரும் அதே ரகம்தான். வாய் பெரிசு, மனசு பஞ்சு. கருவாட்டைப் பத்தி அவருக்குத் தெரியாதது ஒண்ணும் இல்ல. அவர் மட்டும் என் பக்கத்துல நின்னா இந்த ஊர்ல எங்களை அடிச்சுக்க ஆள் இல்ல. எனக்குத் தெரியும். அவருக்குத்தான் தெரியல.'

ஆப்சார் போனைக் கவிழ்த்து வைத்தார். கண்ணில் கருவாட்டுத் தூள் விழுந்துவிட்டதாக சுபல் பாபுவிடம் சொன்னார்.

அன்று சாப்பிடும்போது தானாகவே வாயைத் திறந்தார்.

"அந்த மூலை வேணும்னியே. வெள்ளிக்கிழமை. எடுத்துக்க."

தில்வாரா கரண்டியைக் கீழே வைத்தாள். "நெசமாவா?"

"மெத்தையைத் தொடக்கூடாது."

"தொட மாட்டேன். இன்னொரு சந்தோஷமான சங்கதி கேளுங்க. ஷெஃபாலி அக்காவையும் கடைக்கே வரச் சொல்லப் போறேன். லைவ்ல அவங்களே வந்து பேசப் போறாங்கன்னு இப்பத்தான் பக்கத்துல போட்டுட்டு வந்தேன்."

ஆப்சாருக்கு மீன் முள் தொண்டையில் சிக்கியது. கருவாட்டில் சிக்காத முள் கிடையாது. ஆனால் இது வேறு முள்.

"அவங்க... அவங்க வருவாங்களா?"

"ஏன் வராம? நல்லவங்க."

அடுத்த சில நாள் ஆப்சார் படாத பாடு பட்டார். ஷெஃபாலிக்குக் காய்ச்சல் என்று எழுதினார். 'மருந்து அனுப்பறேன் அக்கா' என்று பதில். மாமியார் வந்திருக்கிறாள் என்று எழுதினார். 'அவங்களையும் கூட்டிட்டு வாங்க' என்று பதில். சுபல் பாபுவின் மனைவியைக் கொஞ்ச நேரம் ஷெஃபாலியாக இருக்கச் சொல்ல முடியுமா என்று கெஞ்சினார்.

"எங்கிட்டச் சொன்னதோட நிறுத்திக்கும்" என்றார் சுபல் பாபு. "அவகிட்டச் சொன்னா, கற்பூரம் கொளுத்தி என்னை வெளிய நிறுத்துவா."

வெள்ளிக்கிழமை வந்தது. அல்லாவின் கருணை, தண்ணீர் வரவில்லை. தில்வாரா முக்காலியை நிறுத்தினாள். மூட்டைகளை அடுக்கினாள். ஆப்சார் மெத்தையில் உட்கார்ந்து, தனக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லாத மாதிரி சுவரைப் பார்த்தார்.

'சகோதரிகளே, இன்னைக்கு அசல் ஆசாத்கஞ்ச் கடையிலிருந்து பேசறேன். மேல பாருங்க, எவ்வளவு மூட்டை. நீங்க காத்துக்கிட்டிருந்த ஷெஃபாலி அக்காவும் வந்தாச்சு.'

கமெண்ட்டுகள் வெள்ளமாக வந்தன. ஆப்சார் வாசலைப் பார்த்தார். யாரும் இல்லை. தில்வாரா அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். இழுத்தாள். ஒரு சாவாளையை அவர் கையில் திணித்து, அந்தக் கையைப் போனுக்கு முன்னால் நீட்டினாள்.

முடி அடர்ந்த கை. பெரிய கடிகாரம்.

போனுக்கு மறுபக்கம் கேள்விகள் எழுந்தன:

'அக்கா கையில என்ன இவ்வளவு முடி?'

'பாவம், உழைச்சு உழைச்சு இப்படி ஆயிருக்கும்.'

'புருஷன் கடிகாரத்தைக் கட்டிக்கிட்டு வந்துட்டாங்கடி.'

"அக்கா, சாவாளையை எப்படிப் பாத்து வாங்கணும்? சொல்லுங்க" என்றாள் தில்வாரா. அவள் குரலில் ஒரு சிரிப்பும் இல்லை. கண்ணில் மட்டும் இருந்தது.

ஓடிவிடலாம். மெத்தைக்குப் பின்னால் ஒளியலாம். ஆனால் எவளோ எழுதியிருந்தாள், சாவாளையின் வயிற்றுப் பக்கம் மஞ்சளாக இருந்தால் நல்லது என்று. அது தப்பு. படு தப்பு. ஆப்சாரால் பொறுக்க முடியவில்லை. தொண்டையைச் செருமினார்.

"எவ சொன்னா மஞ்சள்னு? மஞ்சளா இருந்தா எண்ணெய் கெட்டுப் போச்சுன்னு அர்த்தம்..."

கட்டைக் குரல் ஆசாத்கஞ்ச் கடைக்குள்ளிருந்து டாக்கா, சில்ஹெட், பரிசால் எல்லாம் போய்ச் சேர்ந்தது. முதலில் வியப்பு. பிறகு சிரிப்பு. சிரிக்கும் மஞ்சள் முகங்கள் கூட்டம் கூட்டமாக மேலே ஏறின. யாரும் திட்டவில்லை. 'ஷெஃபாலி அக்கா, இன்னும் சொல்லுங்க' என்றார்கள். அவர் சொன்னார். வாலை முறித்துக் காட்டினார். முறியும் சத்தத்தைப் போனுக்குப் பக்கத்தில் பிடித்தார். மூக்குக்குப் பதிலாகக் காது இருக்கிறது என்று அப்போதுதான் அவருக்குத் தோன்றியது. நல்ல கருவாடு சத்தம் போட்டு முறியும். மெத்தையைவிட்டு எப்போது இறங்கினார் என்பது அவருக்கே தெரியாது.

போனை அணைத்த பிறகு கேட்டார்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"நீங்க ஒரு மணங்குன்னு எழுதினப்ப. மெஜ்பானுக்குக் கருவாடுன்னதும் சந்தேகமே இல்லாம போச்சு."

"அப்பவே கேட்டிருக்கலாமே. ஏன் கேக்கல?"

தில்வாரா முக்காலியை மடக்கிக்கொண்டே சொன்னாள்.

"கேட்டிருந்தா நிறுத்தியிருப்பீங்க. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து சோறு, உப்பு, படுக்கைன்னு மூணு வார்த்தை பேசற மனுஷன், அக்காவா வந்து பக்கம் பக்கமாப் பேசினார். அதை விடுவேனா நான்?"

ஆப்சாருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தேடிப் பார்த்தார். எங்கேயும் காணோம்.

மழை முடிவதற்குள் ஹாஜி பதில் கேட்டு வந்தார். கடை வேண்டும் என்று சொன்னதோடு நிற்காமல், மாடியறையும் வேண்டும் என்றார் ஆப்சார். தண்ணீர் எட்டாத உயரத்தில் சரக்கு கட்டும் வேலை அங்கே நடந்தது. அக்கம்பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து கட்டினார்கள். போன் உறை விற்கிற பையன் அவரிடமே வந்து, தன் உறையை லைவில் காட்டித் தர முடியுமா என்று கேட்டான். சுபல் பாபுகூடக் கல்லுப்பைச் சின்னச் சின்னப் பையில் போட்டு தில்வாராவிடம் கொடுத்துவிட்டுப் போனார். கருவாட்டுக் குழம்புக்கு ஏற்ற உப்பாம்.

வெள்ளிக்கிழமைகளில் இப்போது ஆட்கள் நேரிலும் வருகிறார்கள். சுவரைத் தாண்டி வருகிறார்கள். ஆப்சார் கஞ்சி போட்ட சட்டை போட்டுக்கொண்டு, மெத்தையில் நிமிர்ந்து உட்கார்ந்து, பழைய சௌதாகர் மிடுக்கோடு வரவேற்கிறார்.

போன வாரம் சில்ஹெட்டிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. புருஷன் வெளியே நின்றான். அந்தப் பெண் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, மெத்தையில் இருந்த மனுஷனை மேலும் கீழும் பார்த்தாள்.

"வாம்மா, வா. நான்தான் நூருல் ஆப்சார் சௌதாகர். இது எங்க அப்பா காலத்துக் கடை. என்ன வேணும்?"

அந்தப் பெண் அவரைத் தாண்டி உள்பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"உங்ககிட்ட வேணாம்ணே. ஆம்பளைங்க விலையை ஏத்திச் சொல்லுவாங்க. லைவ் பாத்ததில்ல, கமெண்ட் மட்டும் படிச்சுட்டு ரொம்ப தூரத்துலேர்ந்து வந்திருக்கேன். ஷெஃபாலி அக்கா இல்லையா?"

ஆப்சார் சௌதாகர் ஒரு தடவை தில்வாராவைப் பார்த்தார். அவள் மும்முரமாக வவ்வால் அடுக்கிக்கொண்டிருந்தாள். அவர் மெத்தையைவிட்டு இறங்கினார். கடிகாரத்தைச் சட்டைக் கைக்குள் தள்ளிக்கொண்டார்.

"நான்தாம்மா ஷெஃபாலி அக்கா. உக்காரு."